தாழம்பழமும் தானிய அட்டவணையும்: நிக்கோபார் உணவு ஊட்டச்சத்துக் கல்வியிடம் கேட்கும் கேள்வி

தமிழ் மரபில் தாழை என்பது முதன்மையாக மலர். நெய்தல் நிலத்தின் மணமாகவே அது நினைவில் நிற்கிறது. அதன் கனியை முதன்மை உணவாக எண்ணும் பழக்கம் நம்மிடம் இல்லை. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ‘மாநக்கவாரம்’ எனக் குறிக்கும் நிக்கோபார் தீவுகளிலோ, தாழையின் இனமான ஒரு மரத்தின் பெருங்கனி நெடுங்காலமாக முதன்மை உணவாக இருந்துவந்துள்ளது. தானியம் விளையாத அத்தீவுகளில் அக்கனியும் தேங்காயும், கிழங்கும் வாழையும், மீனும் பன்றியிறைச்சியும் சேர்ந்ததே உணவு.

அதைப் பற்றிய எழுத்துப் பதிவு பழமையானது. 1778இல் ஆஸ்திரியக் கப்பலொன்றில் நிக்கோபாருக்கு வந்த மருத்துவர் நிக்கோலாஸ் ஃபொன்தானாவின் கட்டுரை, கல்கத்தாவில் வெளிவந்த ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ மூன்றாம் தொகுதியில் இடம்பெற்றது. போர்ச்சுகீசியர் ‘மெல்லோரி’ என்றழைத்த கனியைத் தீவினரின் சொல்லோடு சேர்த்து அது அறிமுகப்படுத்தியது. இன்றைய தாவரவியல் பெயரான ‘பண்டானஸ் லேரம்’ என்பதன் பின்பாதி அத்தீவுச் சொல்லிலிருந்தே வந்தது. அடுத்த நூற்றாண்டில், நன்கௌரியில் பணியாற்றிய இ. எச். மேன் மத்திய நிக்கோபாரிய மொழிக்கு ஓர் அகராதியை 1889இல் வெளியிட்டார். கனியைப் பிளந்து வேகவைத்து, சதையைச் சுரண்டி, நாரை நீக்கி மாவாகப் பிசைந்து உருட்டி வைக்கும் பக்குவத்தையும் அவரது எழுத்துகள் பதிவுசெய்கின்றன. ஆக, இவ்வுணவுக்குப் பெயரும் செய்முறையும் பதிவாகியே இருந்தன.

இந்திய ஊட்டச்சத்து அறிவியலோ வேறோரிடத்தில் முளைத்தது. 1918இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையில் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். தீட்டிய அரிசியை நம்பி வாழ்ந்தோரின் நோய் அது; ஆகவே தானியம் அவ்வறிவியலின் மையத்தில் அமர்ந்தது இயல்பே. சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோரின் உணவுகளை எலிகளுக்கு அளித்து அவர் ஒப்பிட்டார்; அவ்வரிசையில் தீவுகள் இல்லை. அவருக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்ட் காலத்தில், 1937இல், இந்திய உணவுகளின் சத்து மதிப்பு நலவாழ்வு வெளியீடு எண் 23 ஆக அச்சானது. ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகப் பெயர் மாறியது. 1957இல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தோன்றியது. ராஜம்மாள் தேவதாஸ் போன்றோரின் உழைப்பால் இத்துறை பல்கலைக்கழகப் பாடமாக வேரூன்றியது. 2017இல் வெளியான இந்திய உணவுச் சேர்க்கை அட்டவணை 528 உணவுகளை ஆராய்கிறது. ஆனால் அட்டவணையின் முதற்பகுதி தானியங்களுக்கே உரியது என்ற மரபு தொடர்கிறது. அரிசியும் கோதுமையும் உண்ணும் பெருநிலத்துக்கு அது பொருந்தும். எனினும் ‘முதன்மை உணவென்றால் தானியம்’ என்ற முன்முடிவை அது மாணவர் மனத்தில் ஓசையின்றி விதைத்துவிடுகிறது.

இது வெறும் வகைப்பாட்டுச் சிக்கல் அன்று. தேங்காய்க்கு ஈடாக அரிசி பெறும் பண்டமாற்று நிக்கோபாரில் முன்பே இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடலோரத் தோப்புகளை அழித்தது. டிரிங்கெட் தீவு மூன்றாகத் துண்டுபட்டது. பின்வந்த நிவாரணத்தின் முகமாக அரிசியும் பணமும் அமைந்தன. உயிர் காத்த அந்த அரிசியைக் குறைகூற இயலாது. ஆனால் ஓர் உணவு முறை பெயர்ந்து மற்றொன்று குடியேறும்போது, இழந்ததன் சத்து மதிப்பு என்ன என்று கேட்க அளவீடு வேண்டும்.

அத்தகைய அளவீடு என்ன செய்யும் என்பதற்கு மைக்ரோனேசியா சான்று. இறக்குமதி அரிசியும் மாவும் பரவிய அத்தீவுகளில் வைட்டமின் ஏ குறைபாடு பெருகியது. லோயிஸ் எங்ல்பெர்கரும் உடன் ஆய்ந்தோரும் உள்ளூர் வாழை, தாழை வகைகளைச் சோதித்தபோது, சதை மஞ்சளாக அமைந்த வகைகளில் கரோட்டினாய்டு மிகுந்திருப்பது தெரிந்தது. போன்பெய் மாநிலம் 2005இல் ‘கராட்’ வாழையைத் தன் மாநில வாழையாக அறிவித்தது. அம்முடிவுகளை நிக்கோபார் இனத்துக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது. இனம் வேறு, மண் வேறு, பக்குவம் வேறு. அதனாலேயே தனி ஆய்வு தேவைப்படுகிறது.

1985இல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அந்தமான் நிக்கோபார் தீவுகளும் அடங்கும். 1983 முதல் போர்ட் பிளேரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் மையம் இயங்குகிறது. உணவியலில் முதுகலை, முனைவர் ஆய்வு செய்வோருக்கு இங்கே களம் காத்திருக்கிறது. அவ்வாய்வு ஆய்வகத்தில் தொடங்காது. தீவினரின் சொற்களில் தொடங்கும். ஒரே தாவரவியல் பெயருக்குள் பல வகைகள் அடங்கக்கூடும். அவற்றைப் பிரித்தறிவது பயிரிடுவோரின் மொழி. எவ்வகைக் கனி, எப்பருவத்தது, எப்படிச் சமைத்தது என்பதை அம்மொழியில் கேட்டறியாமல் எடுத்த மாதிரி, எத்துணைத் துல்லியமாக அளக்கப்பட்டாலும் எதன் அளவு என்று தெரியாத எண்ணாகவே எஞ்சும். மேனின் அகராதியை மொழியியலார் மட்டுமன்றி உணவியல் மாணவரும் புரட்ட வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.