கோச்சடையில் இருந்து ஏர்போர்ட்டுக்கு கிளம்புறீங்களா? முதல் தடவை பறப்பவர்கள் கவனத்துக்கு...

மதுரை: ஒரு காலத்தில் விமானம் என்றால் கோச்சடை மக்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி. இன்று அப்படி இல்லை. சிங்கப்பூருக்கு கட்டிட வேலைக்கு போகும் பையன், துபாய்க்கு டிரைவர் வேலைக்கு போகும் மாப்பிள்ளை, சென்னை ஆஸ்பத்திரிக்கு அவசரமாக போகும் பெரியவர் என சாதாரண ஜனங்களும் ஏர்போர்ட் வாசலை மிதிக்கிறார்கள். ஆனால் விவரம் தெரியாமல் லேட்டாக போய் டிக்கெட் காசை கோட்டை விடுபவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

போர்க்காலத்து ஓடுதளம்

மதுரை விமான நிலையம் 2-ம் உலகப்போர் சமயத்தில், 1942-ல் ஆங்கிலேய விமானப்படைக்காக உருவானது. புது டெர்மினல் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2012 செப்டம்பர் 20-ந்தேதி முதல் வெளிநாட்டு விமானம் கொழும்புக்கு பறந்தது. மீனாட்சி அம்மன் கோவிலுக்கு வருவோர் மட்டுமல்ல, கொடைக்கானல், ராமேசுவரம் போகும் சுற்றுலா பயணிகளும் இங்கேதான் இறங்குகிறார்கள். விமான நேரம் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என மார்ச், அக்டோபர் கடைசியில் மாறும். பழைய நேரத்தை நம்பி கிளம்பாதீர்கள்.

எந்த வழி நல்லது?

கோச்சடையில் இருந்து இரண்டு வழி. ஒன்று காளவாசல், பைபாஸ் ரோடு, பழங்காநத்தம், அவனியாபுரம், பெருங்குடி. தூரம் குறைவு, நெரிசல் அதிகம். இன்னொன்று துவரிமான் போய் நான்கு வழிச்சாலையை பிடித்து கப்பலூர், ரிங் ரோடு, மண்டேலா நகர். சுற்று என்றாலும் சிக்னல் தொல்லை குறைவு. தைப்பொங்கல் அன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. அன்றைக்கு அந்த பக்கமே தலை வைக்காதீர்கள்.

வழியனுப்ப வேன் நிறைய சொந்தக்காரர்கள் வரலாம். ஆனால் டிக்கெட்டும் போட்டோ உள்ள அடையாள அட்டையும் இருப்பவர்தான் உள்ளே போக முடியும். அழுகை, கட்டிப்பிடிப்பு எல்லாம் வாசலோடு முடிந்துவிட வேண்டும்.

ஒரு மணி நேரம்... ஞாபகம்!

உள்நாட்டு விமானத்துக்கு கிளம்பும் நேரத்துக்கு 1 மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். அதற்கு அப்புறம் கெஞ்சினாலும் பலன் இல்லை. எனவே உள்நாடு என்றால் 2 மணி நேரம், வெளிநாடு என்றால் 3 மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

உள்நாட்டில் பொதுவாக லக்கேஜ் 15 கிலோ, கைப்பை 7 கிலோ. கூடினால் கிலோவுக்கு தனி காசு. வீட்டிலேயே எடை போட்டு பார்த்துவிட்டு கிளம்புங்கள்.

ஊறுகாய், நெய் பாட்டிலை கைப்பையில் வைத்தால் பிடுங்கி விடுவார்கள். நன்றாக கட்டி லக்கேஜில் போடுங்கள். செல்போன் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் இதற்கு நேர் எதிர். கைப்பையில்தான் இருக்க வேண்டும். கொப்பரை தேங்காய் எதிலும் கூடாது. எண்ணெய் சத்தால் தீப்பிடிக்கும் பொருள் என்று தடை உள்ளது. துபாய் போகிறவர்கள் பிரியாணிக்கு ஆகும் என்று கசகசா கட்டிவிடாதீர்கள். அது அங்கே போதைப்பொருள் கணக்கு. ஜெயில்தான்.

கேட்டு வாங்க வேண்டிய காசு

உள்நாட்டு விமானத்தை 24 மணி நேரத்துக்கு முன்புகூட சொல்லாமல் ரத்து செய்தால், மாற்று விமானம் அல்லது முழு பணத்தோடு நஷ்டஈடும் உண்டு. 1 மணி நேர பயணம் வரை ரூ.5 ஆயிரம், 2 மணி நேரம் வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10 ஆயிரம். இல்லாவிட்டால் அடிப்படை கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. மழை, புயல் காரணம் என்றால் நஷ்டஈடு கிடையாது. 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழு பணமோ கேட்கலாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிக்கெட்டில் உங்கள் செல் நம்பர் இருக்க வேண்டும். ஏஜெண்ட் தன் நம்பரை போட்டிருந்தால் தகவலும் உங்களுக்கு வராது, நஷ்டஈடும் வராது.

வளைகுடா போகிறவர்கள் உஷார்

10-ம் வகுப்பு பாஸ் பண்ணாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். முத்திரை இருக்கும். இவர்கள் துபாய், சவுதி, குவைத், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்கு போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை. சிங்கப்பூருக்கு இது கிடையாது. "டூரிஸ்ட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பாதீர்கள். அங்கே சம்பளம் தராவிட்டால் கேட்க நாதி இருக்காது. ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிட்டு பணம் கொடுங்கள்.

உடைப்பு மக்களின் கண்ணீர்

7,500 அடி ஓடுதளத்தை 12,500 அடியாக நீட்டி பெரிய விமானங்களை இறக்குவது திட்டம். இதற்காக ஊரையே காலி செய்ய வேண்டிய நிலையில் சின்ன உடைப்பு மக்கள், மாற்று இடமும் வீடும் கேட்டு 2024 நவம்பரில் போராடினார்கள். நாம் ஏறப்போகும் விமானம் ஓடும் மண், பக்கத்து ஊர்க்காரன் வீடு இருந்த மண். பறக்கும்போது அதையும் ஒரு தடவை நினைத்துக்கொள்வோம்.