லவ்கிராஃப்ட்: பிடிச்சிருக்கு, ஆனா...

காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்கு முந்தின ராத்திரி நான் படித்தது எச்.பி.லவ்கிராஃப்ட்டின் 'தி கால் ஆஃப் கதுலு'. (மார்க் எவ்வளவு என்று கேட்காதீர்கள்!) கடலுக்கடியில் மூழ்கிப்போன ஒரு நகரம். அதில் யுகயுகமாகத் தூங்கும் ஒரு ஜந்து. அது முழித்தால் மனுஷ இனமே காலி. படித்து முடிக்கும்போது மணி இரண்டரை. பாத்ரூம் போகவே பயமாக இருந்தது.

ஆனால் ஒரு இடம் உறுத்தியது. தெருவில் நடந்துபோகும் வயதான புரொபசரைக் கறுப்பின மாலுமி ஒருவன் இடிக்கிறான், அவர் செத்துப்போகிறார். கதுலுவைக் கும்பிடும் கூட்டம் முழுக்கக் கலப்பினத்தவர்கள். வில்லன் என்று காட்ட இவருக்கு வேறு அடையாளமே தேவைப்படவில்லை. யாருய்யா இந்த ஆள் என்று தேடிப்போனேன்.

1890-ல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்தில் பிறந்தவர். 'வியர்ட் டேல்ஸ்' மாதிரி மலிவுப் பத்திரிகைகளில் எழுதி, 1937-ல் குடல் புற்றுநோயால் இறந்தபோது வயது 46. 1924-ல் சோனியா கிரீனைக் கல்யாணம் செய்துகொண்டு நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போனார். சோனியா உக்ரைனில் பிறந்த யூதப் பெண். கூத்தைப் பாருங்கள், மனைவி குடியேறி வந்தவர், இவருக்கோ குடியேறி வந்தவர்களைக் கண்டாலே ஆகாது! வேலை கிடைக்கவில்லை, சோனியாவும் வேலைக்காக வேறு ஊர் போய்விட்டார். தெருவில் திரும்பின பக்கமெல்லாம் பல தேசத்து முகங்கள். அந்த வெறுப்பில் 1925-ல் எழுதியதுதான் 'தி ஹாரர் அட் ரெட் ஹுக்'. அக்கம்பக்கத்து ஏழை ஜனங்கள்தான் அதில் பூதகணங்கள். கதையாகவும் சுமார்தான்.

1926-ல் பிராவிடன்ஸுக்கே திரும்பி ஓடிவந்தார். வந்த சில மாதங்களில் எழுதியதுதான் கதுலு. இங்கேதான் எனக்கு இடிக்கிறது. இனவெறியைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முடியாது போல. தனக்குத் தெரியாத யாரோ வந்து தன் உலகத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற அதே பயம்தான் இரண்டுக்கும் முதல். கம்பெனியை வாங்கினால் சொத்தோடு கடனும் சேர்ந்துதான் வரும், பி.காம் முதல் வருஷப் பாடம்.

"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே" என்று நண்பன் ஒருவன் சொன்னான். எல்லோரும் இல்லை. லவ்கிராஃப்ட்டின் நண்பர் ஜேம்ஸ் மார்ட்டன் இனவெறியைக் கண்டித்துத் தனிப் பிரசுரமே போட்டவர். 1915-லேயே லவ்கிராஃப்ட்டை எழுத்தில் கிழித்தார்.

வேர்ல்டு ஃபேண்டஸி விருதுக்கு 1975 முதல் லவ்கிராஃப்ட்டின் தலைதான் சிலை. 2011-ல் அதை வாங்கியவர் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த நெடி ஒகோராஃபோர். கறுப்பர்களைக் கேவலப்படுத்தி 1912-ல் லவ்கிராஃப்ட் எழுதிய கவிதையைப் பற்றித் தெரிந்ததும், இந்தத் தலையை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற தவிப்பை வெளிப்படையாக எழுதினார். 2015-ல் சிலையை மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. உடனே கோபத்தில் தன் விருதுகளைத் திருப்பிக் கொடுத்தவர் யார் தெரியுமா? நம்ம புனேயில் பிறந்த எஸ்.டி.ஜோஷி! லவ்கிராஃப்ட் கதைகளைப் பிழை நீக்கிப் பதிப்பித்து, வாழ்க்கை வரலாறும் எழுதியவர். அவர் உழைப்பு இல்லையென்றால் நான் ஒழுங்கான பிரதியே படித்திருக்க முடியாது. இருந்தாலும் இந்த விஷயத்தில் என் ஓட்டு நெடிக்குத்தான். படிப்பது வேறு, பரிசாகக் கையில் திணிப்பது வேறு.

2016-ல் விக்டர் லவால் என்ற கறுப்பின எழுத்தாளர் அந்த ரெட் ஹுக் கதையையே ஹார்லெம் இளைஞன் டாமியின் கண்ணால் திருப்பி எழுதினார், 'தி பேலட் ஆஃப் பிளாக் டாம்'. அதை லவ்கிராஃப்ட்டுக்கே சமர்ப்பணமும் செய்திருக்கிறார். சின்ன புத்தகம், ஒரே மூச்சில் படித்தேன். இதிலும் கடலுக்கடியில் தூங்கும் அதே ஜந்து வருகிறது. ஆனால் என்னை நடுங்க வைத்தது அது இல்லை. டாமியின் அப்பா கையில் இருந்த கிடாரைத் துப்பாக்கி என்று நினைத்ததாகச் சொல்லி, அவரைச் சுட்டுத் தள்ளிவிட்டு அலட்டிக்கொள்ளாமல் போகிறானே ஒரு வெள்ளைக்கார டிடெக்டிவ், அவன்தான்.