பில்ஸ்னர் உர்க்வெல்

பில்ஸ்னர் உர்க்வெல், செக் குடியரசின் பில்சென் நகரில் தயாராகும் வெளிர்நிற லாகர் பீர். 1842இல் பிறந்த இதிலிருந்தே 'பில்ஸ்னர்' என்ற பீர் வகை உருவானது.

பின்னணி

1295இல் பொகேமிய அரசர் இரண்டாம் வென்செஸ்லாஸ் நிறுவிய பில்செனில், பீர் காய்ச்சி விற்கும் உரிமை சில வீடுகளுக்கு மட்டும் பரம்பரையாக இருந்தது. ஆளுக்கொரு விதமாகக் காய்ச்சியதால் தரம் சீராக இல்லை. 1838இல் 36 பீப்பாய் பீர் குடிக்க லாயக்கற்றது என்று நகர மன்றத்தின் முன்பே கொட்டப்பட்டது. மறு ஆண்டே உரிமைக்காரர்கள் ஒன்றுகூடி, பொதுவான ஆலை ஒன்றைக் கட்டத் தீர்மானித்தனர். மார்ட்டின் ஸ்டெல்சர் அதைக் கட்டினார். ரத்புசா ஆற்றங்கரையின் மணற்பாறையைக் குடைந்த நிலவறைகள் பீரைக் குளிர்ச்சியாக வைக்க உதவின.

முதல் பீர்

பவேரியாவின் வில்ஸ்ஹோஃபன் ஊரைச் சேர்ந்த யோசஃப் குரோல் ஆலைக்கு அமர்த்தப்பட்டார். குளிரில் மெதுவாக நொதித்து அடியில் படியும் ஈஸ்ட்டைக் கையாளும் பவேரிய முறை அவருக்குக் கைவந்தது. ஆனால் பவேரிய லாகர் கருநிறமானது. இங்கோ முளைகட்டிய பார்லியான மால்ட்டை இங்கிலாந்து பாணிச் சூளையில் கருகாமல் உலர்த்தினர். அதனால் நிறம் வெளிறியது. பில்சென் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் சாட்ஸ் பகுதி ஹாப்ஸ் பூக்களின் கசப்பு உறுத்தாமல் மென்மையாக இறங்கியது. ஊறவைத்த மால்ட்டில் ஒரு பகுதியை எடுத்துச் செப்புக் கொப்பரையில் கொதிக்கவைத்து மீண்டும் சேர்ப்பார்கள். இப்படி மூன்று முறை செய்வது இன்றும் தொடர்கிறது. 1842 அக்டோபர் 5இல் காய்ச்சிய முதல் பீர், நவம்பர் 11இல் விற்பனைக்கு வந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் 1845இல் குரோல் ஊர் திரும்பினார்.

பெயரும் உரிமையும்

ரயில் வந்ததும் பீர் தொலைதூர நகரங்களுக்குப் போனது, போலிகளும் பெருகின. 1859இல் 'பில்ஸ்னர் பீர்' என்று பதிவு செய்தும் பிற ஆலைகள் அப்பெயரை விடவில்லை. எனவே 1898இல், 'மூல ஊற்று' எனப் பொருள்படும் 'உர்க்வெல்' சேர்ந்த பெயர் வணிகச் சின்னமாகப் பதிவானது. செக் மொழியில் அதுவே 'பில்சென்ஸ்கி பிராஸ்த்ரோய்'.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான ஆலை, போருக்குப் பின் நாட்டுடைமையானது. கம்யூனிச ஆட்சி வீழ்ந்தபின் தனியார்மயமாகி, 1999இல் தென்னாப்பிரிக்க நிறுவனமான எஸ்ஏபியிடமும், 2017இல் ஜப்பானின் அசாஹியிடமும் சென்றது. எஃகுத் தொட்டிகளில் உற்பத்தி நடந்தாலும், சுவை மாறிவிடாமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிறிதளவு பீரை நிலவறையின் ஓக் பீப்பாய்களில் இன்றும் நொதிக்கவைக்கிறார்கள்.