மச்சம் மாறுமோ?

மச்சம் மாறாது என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழ்களில் ‘அங்க அடையாளம்’ என்னும் இடத்தில் மச்சத்தை எழுதிவந்த வழக்கமே அதற்குச் சான்று. ஊர் மாறலாம்; முகமும் முதுமையால் மாறலாம்; மச்சம் மட்டும் மாறாது என்று நம்பியே அதனை ஆளறியும் குறியாகக் கொண்டனர். மச்சம் இருக்கும் இடத்தைக் கொண்டு வாழ்வின் ஏற்றத் தாழ்வைச் சொல்லும் சாத்திரமும் இந்த நம்பிக்கையின்மேல் எழுந்ததே.

ஆயின் மச்சம் மாறும். வளரும் குழந்தையின் மச்சமோ மாறியே தீரும். அம்மாற்றங்களுள் இயல்பானது எது, தீங்கானது எது என்று பகுத்தறிய மருத்துவ உலகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறது. அவ்வரலாற்றை நான் தேடிப் படிக்கக் காரணமான நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் அழுதுகொண்டே என் அறைக்கு வந்தான். அவன் முதுகிலிருந்த மச்சத்தைச் சுற்றி வெள்ளை வளையம் ஒன்று தோன்றியிருந்தது. விளையாட்டு நேரத்தில் அதைக் கண்ட பிள்ளைகள் கேலி செய்திருந்தனர். தாயாரை அழைத்துக் கேட்டேன். “வெண்குட்டமோ என்று பயமாக இருக்கிறது, ஐயா. சுண்ணாம்பு வைத்தால் மச்சம் உதிர்ந்துவிடும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்றிருக்கிறேன்” என்றார். வைக்க வேண்டாம் என்று தடுத்தேன். ஆனால் அது தீங்கானதா, அல்லவா என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹண்டரும் ஒரு காலத்தில் இதே நிலையில்தான் இருந்தார். 1787-இல் 35 வயதுடைய ஒருவரின் தாடையோரத்திலிருந்து கட்டி ஒன்றை அவர் அறுத்தெடுத்தார். முன்னரே ஒருமுறை நீக்கப்பட்டு மீண்டும் வளர்ந்த கட்டி அது. ஒரு பகுதி வெண்மையாகவும் ஒரு பகுதி கருமையாகவும் இருந்த அதனை இன்னதென்று அறியமாட்டாமல் அவர் பாதுகாத்து வைத்தார். 1968-இல் நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோதுதான், அது கரும்புற்று என்று தெளிவாயிற்று. இடையில் கழிந்தவை 181 ஆண்டுகள்!

அந்நோய்க்கு முதலில் தனிப்பெயர் தந்தவர் பிரெஞ்சு மருத்துவர் லேனெக். மார்பொலி கேட்கும் குழாயை 1816-இல் கண்டறிந்தவரும் இவரே. 1804-இல் பாரிசு நகரில் ஆற்றிய உரையில் இதனைத் தனி நோயாக விளக்கி, கருமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ‘மெலனோஸ்’ என்றழைத்தார். இன்று வழங்கும் ‘மெலனோமா’ என்னும் பெயர் 1838-இல் ராபர்ட் கார்ஸ்வெல் வழங்கியது.

பெயர் கிடைத்துவிட்டது. மச்சத்திற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியவரோ ஸ்டவர்பிரிட்ஜ் என்னும் சிற்றூரின் சாதாரண மருத்துவர் வில்லியம் நோரிஸ். 1820-இல் தாம் வெளியிட்ட குறிப்பில், தம் நோயாளியின் தந்தையும் இத்தகைய நோயாலேயே இறந்தார் என்பதை அவர் கவனித்து எழுதினார். 1857-இல் எட்டு நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து, மச்சத்தோடும் குடும்பவழியோடும் இந்நோய்க்குத் தொடர்பு உண்டு என்று காட்டினார். பெரிய ஆய்வுக்கூடம் அவரிடம் இல்லை. கூர்ந்து நோக்கும் கண்ணும், பார்த்ததைக் குறித்துவைக்கும் பழக்கமுமே இருந்தன.

இதுவரை கூறியது பெரியவர்களின் கதை. குழந்தைகளைப் பற்றி மருத்துவர்களுக்கு வேறொரு குழப்பம் இருந்தது. நுண்ணோக்கியில் கொடிய கரும்புற்றுப் போலவே தோன்றிய சில கட்டிகளைக் கொண்ட குழந்தைகள், இறக்காமல் நலமாகவே வளர்ந்தனர். இப்புதிரை ஆராய்ந்தவர் நியூயார்க்கில் பணியாற்றிய சோஃபி ஸ்பிட்ஸ் என்னும் பெண் மருத்துவர். 13 குழந்தைகளின் கட்டிகளை ஆராய்ந்து 1948-இல் அவர் கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் நோய் பரவி இறந்தது ஒரே ஒரு குழந்தை. பெரும்பாலும் தீங்கற்ற அவ்வகை, இன்று ‘ஸ்பிட்ஸ் மச்சம்’ என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அஞ்சத்தக்கதைக் கண்டறிவது எவ்வளவு அருமையோ, அஞ்சவேண்டாததைக் கண்டறிவதும் அவ்வளவு அருமை என்பதற்கு அவர் பணி சான்றாகும்.

பொதுமக்களும் அறிந்துகொள்ளும் விதிகளை 1985-இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் வகுத்தனர். இருபாதியும் ஒவ்வாமை, விளிம்பு ஒழுங்கின்மை, பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம் என்பன அந்நான்கு. 2004-இல் ஐந்தாவதாக மாற்றம் என்பதும் சேர்ந்தது. ஆனால் இவ்விதிகள் குழந்தைகளுக்கு முழுவதும் பொருந்தவில்லை. 2013-இல் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், 10 வயதுக்குட்பட்ட நோயாளிகளுள் நூற்றுக்கு 60 பேரிடம் அவ்வடையாளங்கள் காணப்படவில்லை. குழந்தைகளின் கரும்புற்று கருமையின்றி இளஞ்சிவப்பாக இருக்கலாம், ஒரே நிறத்தில் புடைத்து எழலாம், இரத்தம் கசியலாம், மச்சமே இல்லாத இடத்தில் சிறிதாகப் புதிதாய்த் தோன்றலாம்.

இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம் யாது? குழந்தைக்குக் கரும்புற்று வருவது மிக அரிது. உடல் வளர மச்சமும் அளவாக வளர்வது, புதிய மச்சங்கள் தோன்றுவது, பருவமடையும் காலத்தில் நிறம் சற்றே கூடுவது ஆகியவை இயல்பே. ஆயின் மற்ற மச்சங்களோடு ஒவ்வாமல் ஒன்று மட்டும் சில வாரங்களிலோ மாதங்களிலோ விரைந்து வளர்ந்தாலும், அடிபடாமலே இரத்தம் கசிந்தாலும், ஆறாத பரு ஒன்று பெருகிவந்தாலும் மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது காட்டவேண்டும். பிறவியிலேயே மிகப் பெரிய மச்சமுள்ள குழந்தையை மருத்துவர் தொடர்ந்து பார்த்துவருவது நன்று. கறுத்த தோலுடையோர்க்கு இந்நோய் குறைவு என்பது உண்மை. எனினும் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய மறைவிடங்களில் வருவதுண்டு, அவ்விடங்களையும் பார்க்கவேண்டும்.

சுண்ணாம்பு மட்டும் கூடவே கூடாது. அது தோலைப் பொசுக்கிப் புண்ணாக்குவதோடு, நுண்ணோக்கி படித்துச் சொல்லவேண்டிய ஏட்டையே எரித்துவிடுகிறது.

எங்கள் மாணவனை மறுநாளே மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றனர். மருத்துவர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, உடம்பின் காவல் அணுக்களே மச்சத்தின் நிறத்தைத் தாக்குவதால் உண்டாகும் வளையம் அது, பிள்ளைகளிடம் அது பெரும்பாலும் தீங்கற்றது என்று விளக்கினார். 1916-இல் அதனை விவரித்த மருத்துவர் சட்டனும் தோல் வெளுத்தல் என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். அத்தாயின் ஐயம் அறியாமையன்று!

ஆசிரியர்களாகிய நாம் மருத்துவர் அல்லோம். எனினும் நாள்தோறும் பிள்ளைகளைக் காண்பவர்கள் நாம். மாற்றத்தைக் கண்டால் பெற்றோரிடம் அமைதியாகச் சொல்லி, அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, நாளையும் குறிக்கச் செய்வோம். நோரிஸ் செய்ததும் ஏறக்குறைய அதுவே.