வன்னி மரமும் இருபத்தொன்பது நெறிகளும்

திருவிளையாடற் புராணத்தில் வன்னி மரம் ஒரு பெண்ணின் மணத்துக்குச் சாட்சி கூற மதுரைக்கு வருகிறது. திருவான்மியூரிலும் விருத்தாசலத்திலும் அதுவே தலமரம். அதே மரம் மார்வாட்டுப் பாலை நிலத்தில் கேஜ்ரி என வழங்குகிறது. இங்கே மனிதருக்குச் சாட்சியாக நின்ற மரத்துக்கு அங்கே மனிதர் அரணாக நின்றனர்.

அந்த அரணுக்கு அடிக்கல் இட்டவர் ஜாம்போஜி. 1451-இல் நாகௌர்ப் பகுதியின் பீப்பாசர் என்னும் ஊரில் பிறந்து, ஆநிரை மேய்த்து வளர்ந்தவர். 1485-இல் பிகானேரை அடுத்த சம்ராதல் மணற்குன்றில் இருபத்தொன்பது நெறிகளை வகுத்துத் தம்மைப் பின்பற்றுவோரை ஒரு சமூகமாக்கினார். பிஷ்ணோய் என்ற பெயருக்கே இருபதும் ஒன்பதும் என்று பொருள் கூறுவர். பச்சை மரத்தை வெட்டலாகாது. உயிர்களிடத்து இரக்கம் வேண்டும். நீரையும் பாலையும் வடிகட்ட வேண்டும். விறகை உதறிச் சிற்றுயிர்களை நீக்கிய பின்னரே அடுப்பிலிட வேண்டும். இறந்தோரை எரிக்காமல் புதைப்பதும் இச்சமூகத்தார் வழக்கம். சிதைக்கு மரம் வேண்டுமல்லவா?

இவற்றை வெறும் சமய விதிகளாகக் கொள்வது பிழை. பாலையில் கேஜ்ரியின்றி வாழ்வில்லை. அதன் வேர் ஆழத்து நீரைத் தேடிச் செல்வதால் அதன் நிழலிலேயே கம்பு விளையும். தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. சாங்ரி எனப்படும் அதன் காய் உலர்த்தி வைக்கப்பட்டு, பஞ்ச காலத்தில் மனிதரின் உணவாயிற்று. வறட்சி கற்பித்த பாடத்துக்கு ஜாம்போஜி விரதத்தின் வலிமையைத் தந்தார். அறிவுரை மறக்கப்படலாம், விரதத்தை முறிக்க மனம் கூசும்.

அந்த விரதம் 1730-இல் சோதனைக்கு உள்ளாயிற்று. ஜோத்பூர் மன்னர் அபய்சிங்கின் அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்புக் காளவாய் எரிக்க விறகு தேவைப்பட்டது. அதிகாரி கிரிதர் பண்டாரியின் ஆட்கள் கோடரியுடன் கேஜர்லி கிராமத்துக்கு வந்தனர். அம்ரிதா தேவி என்னும் பெண் மரத்தைத் தழுவி நின்றார். கையூட்டுத் தந்தால் விட்டுவிடுவதாகச் சொன்னபோது, அது தம் நெறிக்கு இழிவு என மறுத்தார். ஒரு தலையை விலையாகக் கொடுத்து ஒரு மரம் பிழைக்குமானால் அது மலிவே என்று அவர் உரைத்ததாக மரபு கூறுகிறது. அவரும் அவருடைய மூன்று பெண்மக்களும் வெட்டுண்டனர். சுற்றூர்களிலிருந்து மக்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து மரங்களைத் தழுவினர். மாண்டோர் 363 பேர். செய்தியறிந்த மன்னர் வெட்டை நிறுத்தி, பிஷ்ணோய் ஊர்களில் மரம் வெட்டுவதற்கும் வேட்டைக்கும் தடை விதித்தார் என்பர்.

எண்ணிக்கையும் உரையாடலும் பெரும்பாலும் சமூகத்தின் நினைவு வழியே வந்தவை. ஆய்வாளர் அவற்றை நிதானத்தோடு கையாள்வதே முறை. எனினும் ஆண்டுதோறும் பாத்ரபத மாத வளர்பிறைத் தசமியில் கேஜர்லியில் கூடி அந்த உயிர்களை நினைக்கும் மக்களின் நடைமுறையும் வரலாற்றுச் சான்றே. தாயை இழந்த மான்குட்டிக்குப் பிஷ்ணோய்ப் பெண்கள் தாய்ப்பால் ஊட்டுவதும் அந்நெறியின் தொடர்ச்சியே.

அதே ஜோத்பூர் அரசு 1940-இல் மெக்சிகோ வழிவந்த சீமைக் கருவேலத்தை 'அரச மரம்' என்று அறிவித்துக் காக்கச் சொன்னது. வன்னியின் தூரத்து உறவான அது இன்று நாட்டு மரங்களை நெருக்கித் தள்ளுகிறது. தமிழகத்துக் கண்மாய்களும் அதனை நன்கறியும். கேஜ்ரிக்கு 1983-இல் ராஜஸ்தானின் மாநில மரம் என்ற சிறப்புக் கிட்டியது. ஆயினும் சிறப்புப் பெயர் வேலியாகவில்லை. இப்போது பிகானேர்ப் பகுதியில் சூரிய மின்னிலையங்களுக்காகக் கேஜ்ரி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்துப் பிஷ்ணோய் மக்கள் போராடுகின்றனர். சூரிய மின்சாரமும் பூமியைக் காக்கும் பெயரால் வருவதே. அவர்கள் அதனை வேண்டாம் என்று கூறவில்லை. மரங்களைக் காக்கத் தனிச்சட்டம் கேட்கின்றனர்.