அயமாருவிலிருந்து சுபாங் ஜெயா வரை: ஒரு வானவில் மீனின் கதை

சுபாங் ஜெயாவில் மீன் கடைக்குப் போகிறவர்கள் வானவில் மீன் குஞ்சுகளைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பக்கத்துத் தொட்டியில் நியான் டெட்ரா மின்னிக்கொண்டிருக்கும். இவையோ சாம்பல் பூசியதுபோல ஒரு மூலையில் கூட்டமாக நிற்கும். "இதுக்கா இந்த விலை?" என்று கேட்டால், "ஒரு வருஷம் பொறுங்க, அப்புறம் பாருங்க" என்பார் கடைக்காரர். அவர் சொல்வது உண்மைதான். வளர்ந்த ஆண் போஸ்மானி மீனின் முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு. இரண்டு மீன்களை வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும். எட்டுப் பத்து மீன்கள் காலை வெளிச்சத்தில் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கினால் நான்கடித் தொட்டியே பற்றி எரிவதுபோலத் தெரியும்.

இந்த அழகுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது அவ்வளவு அழகான வரலாறு இல்லை.

வானவில் மீன்களின் தாயகம் ஆஸ்திரேலியாவும் நியூகினியும் அவற்றை ஒட்டிய சில தீவுகளும்தான். நம் தீபகற்பத்து ஆறுகளில் இவை இயற்கையாக இருந்ததே இல்லை. காரணம் எளிது. பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியபோது, தீபகற்பமும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலமாக இருந்தன. அந்தப் பக்கம் நியூகினியும் ஆஸ்திரேலியாவும் ஒரே நிலம். நடுவில் இருந்த ஆழ்கடல் மட்டும் வற்றவே இல்லை. இந்தக் கோட்டை உலகுக்குக் காட்டியவர் வாலஸ். சரவாக்கில் 1855இல் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய அவர், 1858இல் நியூகினியின் மேற்கு முனையில், 'பறவைத்தலை' என்று அழைக்கப்படும் தீபகற்பத்தின் டோரே கடற்கரையில் சில மாதங்கள் தங்கினார். அவர் தேடிப்போனது சொர்க்கப் பறவைகளையும் பூச்சிகளையும். அதே தீபகற்பத்தின் உள்ளே, சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கிடந்த அயமாரு ஏரிகளின் மீன்கள் வெளியுலகத்தின் கண்ணில் பட இன்னும் நூறு வருடம் ஆகவேண்டியிருந்தது.

1954-55இல் மரினுஸ் போஸ்மன் என்ற டச்சு மீனியலாளர் அங்கே போனார். அப்போது அது டச்சு நியூகினி. பிடித்த மீன்கள் பதப்படுத்தப்பட்டு நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சாராயத்தில் ஊறிய மீனில் நிறம் நிற்காது. அவை அங்கே பெயரில்லாமல் கிடந்த கால் நூற்றாண்டில் வெளியே என்னென்னவோ நடந்தது. 1962இல் டச்சுக்காரர்கள் கிளம்பினார்கள். 1963இல் நிர்வாகம் இந்தோனேசியாவின் கைக்கு வந்தது. 1969இல் ஆயிரத்துச் சொச்சம் பேரை மட்டும் கூட்டி வைத்து, மொத்த மக்களின் முடிவு இதுதான் என்று அறிவித்தார்கள். 1980இல் கெரால்ட் ஆலனும் நோர்பர்ட் கிராஸும் அந்த ஜாடி மீனுக்குப் பெயர் வைத்தபோது அது மெலனோடேனியா போஸ்மானி ஆனது. அயமாருவைச் சுற்றி வாழும் மாய்பிராட் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவரும் மீன், பிடித்துக்கொண்டு போனவரின் பெயரில் உலகத்துக்கு அறிமுகமானது.

அடுத்த சில வருடங்களில் ஆலனும் ஹைக்கோ பிளேயரும் உயிருள்ள மீன்களை வெளியே கொண்டுவந்தார்கள். நிறத்தைப் பார்த்ததும் மீன் வளர்ப்பவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. 1980களின் இறுதியில் மாதத்துக்குச் சுமார் 60,000 ஆண் மீன்கள் பிடிக்கப்பட்டதாக ஒரு மதிப்பீடு உண்டு. ஏன் ஆண் மட்டும்? பெண் மீனுக்கு அந்த நிறம் கிடையாது, அதற்குச் சந்தையும் கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டை மீன் போன்றவையும் ஏரியில் பெருகின. இன்று இது அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பண்ணைகளில் லட்சக்கணக்கில் பிறக்கிறது. நம் வீட்டுத் தொட்டிக்கு வருவது பண்ணை மீன். அதன் பாட்டனுக்குப் பாட்டன்கூட அயமாருவைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

"பண்ணையிலதான் இருக்கே, அப்புறம் என்ன கவலை?" என்று கேட்கலாம். இதற்குப் பதில் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது.

குவீன்ஸ்லாந்தின் அதர்டன் மேட்டுநிலத்தில் எரிமலை வெடிப்பால் உண்டான ஓர் ஏரி, ஈச்சம். பெயரைக் கேட்டால் நம் ஈச்ச மரம் ஞாபகம் வரும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஏரியின் வானவில் மீனுக்கு 1982இல் அதே ஆலனும் கிராஸும் பெயர் வைத்தார்கள். ஐந்து வருடம்கூட ஆகவில்லை, ஏரியில் அந்த மீன் காணாமல் போய்விட்டது. யாரோ பக்கத்து ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விட்ட பெரிய மீன்கள் அதை மேய்ந்துவிட்டன. நல்லவேளையாகச் சில ஆர்வலர்களின் தொட்டிகளில் அந்த இனம் உயிரோடு இருந்தது. அதைப் பெருக்கி, 1980களின் இறுதியில் மறுபடி ஏரியில் விட்டார்கள். தங்கவில்லை. தின்ற மீன்கள்தான் அங்கேயே இருந்தனவே! பிறகு 1990களில் மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, பக்கத்து ஓடைகள் சிலவற்றில் அதே இனம் வாழ்வது தெரியவந்தது. இனம் தப்பித்தது. ஏரிக்கு அது திரும்பவில்லை.

தொட்டியால் மீனைக் காப்பாற்ற முடியும், ஏரியைக் காப்பாற்ற முடியாது. எனக்கு இந்த வரலாறு சொல்வது இதைத்தான். அதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. வானவில் மீன்கள் இனம் பார்க்காமல் கூடிவிடும். பல இனங்களின் பெண் மீன்கள் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். கலந்து பிறந்த குஞ்சு முழு போஸ்மானியும் இல்லை, இன்னொன்றும் இல்லை. நிறமும் மங்கிப்போகும். அதனால்தான் அக்கறையுள்ள வளர்ப்பாளர்கள் இனப்பெயரோடு எந்த ஏரி, எந்த ஓடை என்பதையும் தொட்டியில் எழுதி ஒட்டுகிறார்கள். நம் கடைகளில் "ரெயின்போ" என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

வளர்க்க விரும்புகிறவர்களுக்குச் சொல்வேன்: ஒரே இனமாக எட்டு மீன் வாங்குங்கள், பெண்களையும் சேர்த்து. பெண் இருந்தால்தான் ஆணுக்கு நிறம் ஏறும். கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீர் மென்மையானது, அயமாருவோ சுண்ணாம்புத் தண்ணீர். குளோரினை நீக்கியபின், வடிகட்டியில் ஒரு கைப்பிடி பவளக் கல் போட்டால் போதும். காலையில் ஜாவா பாசியில் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு பொரிக்கும். யாருக்காவது குஞ்சு கொடுத்தால், எங்கே யாரிடம் வாங்கியது என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

இதெல்லாம் ஒரு மீனுக்குத் தேவையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நாம் இருக்கும் இந்த சுபாங் ஜெயா 1970கள் வரை சீஃபீல்ட் தோட்டம். பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளத்தாக்கு முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். எந்தத் தோட்டம், எந்த லயம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊர் போனபிறகு மிஞ்சுவது ஊரின் பெயர்தான். அதையும் விட்டுவிட்டால், வந்த இடம் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும்.