பார்க்காமல் வாங்கிய புல்லாங்குழல்: நம்பிக்கையின் ஒரு சின்ன வரலாறு



காவலூர் என்றதும் எல்லோருக்கும் தொலைநோக்கிதான் ஞாபகம் வரும். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு ஜவ்வாது மலையில் ஆரம்பித்து, இன்று வைணு பாப்பு பெயரைத் தாங்கி நிற்கும் வான் ஆய்வகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. எட்டாத தூரத்து நட்சத்திரத்தை இங்கிருந்து பார்த்துவிடலாம். ஆனால் ஒரு புல்லாங்குழலைக் கையில் எடுத்து, ஊதிப் பார்த்து வாங்க இங்கே ஒரு கடை கிடையாது :)

பி.காம் படிக்கிற பையனுக்குப் புல்லாங்குழலோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை எனக்கு இல்லை, என் தங்கைக்கு. அவள் ஆலங்காயத்தில் வாரம் ஒரு நாள் குழல் கற்றுக்கொள்கிறாள். வாத்தியார் "ஐந்து கட்டை குழல் ஒன்று வாங்கிக்கோம்மா" என்று சொல்லிவிட்டார். விடுமுறை நாட்களில் கல்யாண மண்டபங்களில் பரிமாறப் போய் நான் சேர்த்து வைத்திருந்த பணத்தில் 1,400 ரூபாயை எடுத்தேன். இணையத்தில் ஒருவர் பழைய குழல் விற்பதாகப் படம் போட்டிருந்தார். "விரிசல் எதுவும் இல்லை, கச்சேரித் தரம்" என்று எழுதியிருந்தார். பணத்தை முன்னாலேயே அனுப்பினேன். குழலும் வந்தது. தங்கை ஆசையாக ஊதினாள். மேலே உள்ள சுரங்கள் வந்தன. கீழே இறங்க இறங்க வெறும் காற்று. நடுவில் அழகாகச் சுற்றியிருந்த சிவப்பு நூலைப் பிரித்தால், அடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், அதில் பசை! விற்றவருக்குப் போன் செய்தால் எடுக்கவே இல்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் வகுப்புக்கு மட்டும் போகவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

கோபத்தில் நான் கேட்டுக்கொண்ட கேள்வி இது: பார்க்காத பொருளைப் பார்க்காத ஆளிடம் வாங்குவது இன்று நேற்றா நடக்கிறது? முன்னால் எல்லாம் எப்படிச் சமாளித்தார்கள்? பாடப் புத்தகங்களைப் புரட்டினேன், நூலகத்திலும் தேடினேன். கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குழலைப் பற்றி

குழலைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் குழலோன் வருகிறான். அந்தப் பகுதிக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், குழல் செய்யும் முறையையே விளக்குகிறார். மூங்கில் ரொம்ப இளசாகவும் இருக்கக் கூடாது, ரொம்ப முற்றியும் இருக்கக் கூடாது. வெட்டி நிழலில் ஆறவிட வேண்டும். திருகல், பிளவு, வெடிப்பு இல்லை என்று அறிந்து, ஓர் ஆண்டு கழித்துத்தான் குழல் செய்ய வேண்டும் என்கிறார். அதாவது, மூங்கில் பிளக்குமா பிளக்காதா என்று தெரிந்துகொள்ள ஒரு வருடம் காத்திருந்தார்கள். நான் ஒரு நிமிடம் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினேன்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கர்நாடக இசையில் குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர் என்று சொல்லப்படுபவர் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904). அவர் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். அவருடைய சீடர்தான் பல்லடம் சஞ்சீவ ராவ். குழலுக்கு இவ்வளவு பெரிய இடத்தைத் தேடித் தந்தவர், தன் குழலைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. விரலும் மூச்சும் காதும்தான் அவருக்குச் சாட்சி. குழல் அப்படிப்பட்ட பொருள். படத்தில் அதன் நிறம் தெரியும், நூல் தெரியும். நாதம் தெரியாது.

தபால்காரர் நடுவில் வந்தார்

அப்படியானால் தூரத்தில் இருப்பவரிடம் பொருள் வாங்குவது எப்படி? வாங்குகிறவருக்கு "பணம் போய் பொருள் வராவிட்டால்?" என்ற பயம். விற்கிறவருக்கு "பொருள் போய் பணம் வராவிட்டால்?" என்ற பயம். இரண்டுமே நியாயமான பயங்கள்.

இந்தியாவில் இதற்கு வந்த பெரிய விடை வி.பி.பி. 1877-ல் அஞ்சல் துறை இதைக் கொண்டுவந்தது. விற்பவர் பார்சலைத் தபால் நிலையத்தில் கொடுப்பார். தபால்காரர் உங்கள் வீட்டு வாசலில் விலையை வாங்கிக்கொண்டு பார்சலைத் தருவார். அந்தப் பணம் விற்பவருக்குப் போய்ச் சேரும். தாத்தா காலத்துப் பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்தால் புத்தகம், மருந்து, கடிகாரம் என்று எதற்கும் "வி.பி.பி.யில் அனுப்பப்படும்" என்று இருக்கும். கடை இல்லாத ஊர்களுக்கும் கடையை அழைத்து வந்தது இதுதான்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருந்தது. பணம் கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்க முடியும். கடிகாரம் கேட்டவருக்குக் கல் வந்தால்? அதனால்தான் 1898-ம் ஆண்டு அஞ்சல் சட்டத்தில் இதற்கும் இடம் செய்தார்கள். மோசடி நடந்திருந்தால், வசூலித்த பணத்தை நிறுத்தி வைத்து, வாங்கியவருக்கே திருப்பித் தர விதிகள் செய்யலாம் என்று ஒரு பிரிவு அதில் இருந்தது. (அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2023-ம் ஆண்டு அஞ்சல் சட்டம் இருக்கிறது.)

கவனியுங்கள். இங்கே முக்கியமானது தபால் இல்லை. பணம் கொஞ்ச நேரம் மூன்றாவது ஆள் ஒருவர் கையில் நிற்கிறது. அதுதான் விஷயம்.

இணையம் வந்த பிறகு

1995-ல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் ஆரம்பித்த ஏலத் தளம்தான் பிறகு ஈபே ஆனது. அதில் முதலில் விற்ற பொருள் என்ன தெரியுமா? உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர்! விலை 14.83 டாலர். உடைந்தது என்று தெரிந்தேதான் ஒருவர் வாங்கினார். குறையை மறைக்காமல் சொன்னால் குறையுள்ள பொருளுக்கும் விலை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1996-ல் வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதும் வசதி அங்கே வந்தது. ஊரில் "அந்த ஆள் எப்படி?" என்று நாலு பேரிடம் விசாரிப்போமே, அதன் இணைய வடிவம்தான் இது.

நம் நாட்டில் 2000-ல் தொடங்கிய பாஸி டாட் காம் தளத்தை 2004-ல் ஈபே வாங்கியது. ஈபே இந்தியாவில் 'பைசாபே' என்று ஒரு முறை இருந்தது. நீங்கள் கட்டும் பணம் நேராக விற்பவருக்குப் போகாமல் நடுவில் நிற்கும். பொருள் வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்குப் போகும். வி.பி.பி.யின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். அந்தத் தளம் 2018-ல் மூடப்பட்டது.

இன்னொரு பக்கம் இலவச வரி விளம்பரங்களும் சமூக வலைதளக் குழுக்களும் வளர்ந்தன. பழைய பொருள் விற்கும் தனி ஆட்களுக்கு இது ரொம்ப வசதி. ஆனால் இங்கே பெரும்பாலும் நடுவில் யாரும் இல்லை. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. பணம் ஒரு நொடியில் போய்விடுகிறது. பொருள் வர ஒரு வாரம் ஆகிறது. இந்த ஒரு வாரத்தில்தான் நான் மாட்டினேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது எங்கள் பாடம் என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு, "வாங்குபவரே விழிப்பாயிரு" என்ற பழைய கொள்கையைச் சொல்கிறது. தரத்துக்குப் பொதுவாக உத்தரவாதம் இல்லை. சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவற்றில் முக்கியமானவை, அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவருக்குத்தான் பொருந்தும். வீட்டில் கிடந்த ஒரே ஒரு குழலை விற்கிறவருக்குப் பொருந்தாது. 2020-ல் வந்த மின் வணிக விதிகளும் அப்படித்தான். தொழிலாகத் தொடர்ந்து செய்யாமல் சொந்த முறையில் விற்கும் தனி மனிதருக்கு அவை பொருந்தாது.

ஒரே ஆறுதல் 15-வது பிரிவு. விவரம் சொல்லி விற்றால், பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். இது யார் விற்றாலும் பொருந்தும். "விரிசல் இல்லை" என்று எழுதியவர் விரிசல் குழலை அனுப்பினால் தவறு அவருடையதுதான். உரிமை என் பக்கம். ஆனால் 1,400 ரூபாய்க்கு முகவரி தெரியாத ஆள் மேல் வழக்குப் போட எத்தனை முறை மலை இறங்குவது? உரிமை இருப்பது வேறு, பணம் திரும்புவது வேறு என்று அன்றுதான் புரிந்தது.

பொருளாதாரத்திலும் இதற்கு விளக்கம் உண்டு. 1970-ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அவர் சொன்னது இதுதான்: பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. பயந்த வாங்குபவர் குறைந்த விலைதான் கேட்பார். அந்த விலைக்கு நல்ல பொருள் வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மோசமான பொருளே மிஞ்சும். அப்படியானால் என்னை ஏமாற்றியவர் எனக்கு மட்டும் நஷ்டம் செய்யவில்லை. நல்ல குழல் வைத்திருக்கும் நேர்மையான ஒருவருடைய விலையையும் குறைத்துவிட்டார்.

சரி, என்ன செய்யலாம்?

வரலாறு மூன்று பாடங்கள் தருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1) எழுதி வாங்குங்கள். எத்தனை கட்டை, எத்தனை துளை, விரிசல் உண்டா, ஒட்டியதா, நூலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். நூல் சுற்றுவது தப்பில்லை, பிளக்காமல் இருக்கவும் சுற்றுவார்கள். கேட்காமல் விடுவதுதான் தப்பு. கர்நாடகக் குழலா, இந்துஸ்தானி பான்சுரியா என்றும் கேளுங்கள். நம் முறையில் மேல் இரண்டு துளைகளை மூடினால் 'ச', அவர்கள் முறையில் மூன்றை மூடினால் 'ச'. அதனால் ஒரே குழலுக்கு இரண்டு பேர் இரண்டு சுருதி சொல்வார்கள்.

2) ஊதிக் காட்டச் சொல்லுங்கள். படம் போதாது, வீடியோ அழைப்பு வேண்டும். எல்லாத் துளையையும் மூடி மெதுவாக ஊதச் சொல்லுங்கள். காற்று கசிந்தால் கீழ்ச் சுரம் நிற்காது. கீழ் 'ச', மேல் 'ச' இரண்டும் சேர்கிறதா என்று சுருதிச் செயலியில் பாருங்கள். இருட்டில் குழலுக்குள் டார்ச் அடித்தால், உள்ளே வரை போன விரிசல் வெளிச்சக் கோடாகத் தெரியும்.

3) பணத்தை நடுவில் நிறுத்துங்கள். நேரில் சந்தித்து, ஊதிப் பார்த்து, பிறகு பணம் கொடுப்பது உத்தமம். முடியாவிட்டால் பொருள் வந்த பிறகு பணம். அதுவும் முடியாவிட்டால், இருவருக்கும் தெரிந்த ஒருவர் கையில் பணம். நீங்கள் விற்பவராக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைப் போடவோ கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யவோ தேவையே இல்லை. அப்படிக் கேட்டால் மோசடி. மாட்டிக்கொண்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். (சரக்கு விற்பனைச் சட்டமும் 1930, உதவி எண்ணும் 1930. நமக்கு ஞாபகம் வைக்க சுலபம் :) )

கடைசியாக...

இரண்டு மாதம் கழித்து இன்னொரு குழல் பார்த்தேன். விற்பவர் வேலூர்க்காரர், பெரியவர். என் கேள்விகளை எல்லாம் கேட்டுவிட்டு அவர் கோபப்படவில்லை. "தம்பி, இவ்வளவு கேட்கிற ஆளுக்குக் குழலைக் கொடுக்கறது எனக்கும் நிம்மதிதான்" என்றார். வாய்த் துளை ஓரத்தில் லேசாகத் தேய்ந்திருக்கிறது என்று அவராகவே சொன்னார். தங்கையை அழைத்துக்கொண்டு வேலூர் போனேன். பேருந்து நிலையத்தின் ஒரு மூலையில் நின்று அவள் ஊதினாள். அத்தனை ஹாரன் சத்தத்திலும் கீழ்ச் சுரம் அசையாமல் நின்றது. 900 ரூபாயை அவர் கையில் கொடுத்தேன். அவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் தங்கை வகுப்புக்குப் போனாள். பழைய குழல் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. யாராவது கேட்டால் விற்கவும் தயார்தான், "விரிசல் உள்ளது" என்று முதல் வரியிலேயே எழுதி!